கோடு போட்ட கோவேறு கழுதை

சந்தையில் மாடு வாங்கப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? தரகர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்கிவிட மாட்டார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். கொஞ்ச தூரம் நடக்க விட்டுப் பார்ப்பார்கள். கிழட்டு மாட்டுக்குச் சாயம் பூசி விற்கிறவர்களும் உண்டு அல்லவா? அதனால் முதுகைத் தடவி, கையில் ஏதாவது ஒட்டுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பேரரசரின் சபையிலும் இதே சந்தேகம் எழுந்தது. அங்கே நின்றது மாடு அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வரிக்குதிரை.

புத்தாண்டுப் பரிசு

அது 1621-ஆம் ஆண்டு, மார்ச் மாதம். வட இந்தியாவை ஜஹாங்கீர் ஆண்டுகொண்டிருந்தார். இவர் அக்பரின் மகன். தாஜ்மகாலைக் கட்டிய ஷாஜகானின் தந்தை.

மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாக வரும் நாளில் பாரசீகப் புத்தாண்டு பிறக்கும். அதற்கு நவ்ரோஸ் என்று பெயர். மொகலாய அரண்மனையில் அது பெரிய திருவிழா. பிரபுக்கள் ஒவ்வொருவராக வந்து அரசருக்குப் பரிசு வைப்பார்கள். யானை வரும். குதிரை வரும். ரத்தினம் வரும். பட்டு வரும். அரசருக்கு இவையெல்லாம் பழகிப்போனவை.

அந்த ஆண்டு மீர் ஜாஃபர் என்பவர் ஒரு புது மாதிரிப் பிராணியைக் கொண்டுவந்தார். (பிளாசிப் போர்க் கதையில் வரும் மீர் ஜாஃபர் இவர் அல்ல. அவர் காலம் இதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது.) துருக்கி நாட்டார் சிலர் அந்தப் பிராணியை அபிசீனியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அபிசீனியா என்பது இன்றைய எத்தியோப்பியா. அது ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து செங்கடலையும் அரபிக் கடலையும் தாண்டினால் இந்தியா.

பிராணியைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். உருவம் கழுதை மாதிரி இருந்தது. உடம்பு புலி மாதிரி இருந்தது. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை கோடுகள். காதிலும் கோடு. குளம்பு வரை கோடு. கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல மெல்லிய கோடு.

“இது வேறு ஒன்றும் இல்லை. யாரோ சாதாரணக் குதிரைக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள்” என்று சிலர் நினைத்தார்கள்.

நினைத்ததில் தவறு இல்லை. அரசரிடம் பரிசு வாங்க மனிதர்கள் என்னதான் செய்யமாட்டார்கள்? ஆனால் ஜஹாங்கீர் அந்தப் பேச்சோடு விடவில்லை. நன்றாக ஆராய்ந்து பார்க்க வைத்தார். சாயம் இல்லை. பிறவியிலேயே அப்படித்தான் என்று தெரிந்தது. இதை அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கூட்டத்தார் சந்தேகப்பட்டதையும் எழுதினார். விசாரித்ததையும் எழுதினார். முடிவையும் எழுதினார்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தன் சபையின் சிறந்த ஓவியரைக் கூப்பிட்டார். “இதை இருக்கிறபடி வரை” என்று வேலை கொடுத்தார். அந்த ஓவியரின் பெயர் மன்சூர்.

பெயர் இல்லாத பிராணி

அந்தப் பிராணிக்கு என்ன பெயர் வைப்பது? அங்கே யாரிடமும் சொல் இல்லை. ஜஹாங்கீர் தன் நாட்குறிப்பில் அதைக் காட்டுக் கழுதை என்று எழுதினார். ஓவியத்தின் மேல் எழுதியபோது கோவேறு கழுதை என்று எழுதினார். அவருக்கே இரண்டு மனசு.

இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். நாமும் அப்படித்தான் செய்திருக்கிறோம். வரிக்குதிரை என்ற நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வரி, குதிரை. நமக்குத் தெரிந்த இரண்டு சொற்களைச் சேர்த்துத் தெரியாத பிராணிக்குப் பெயர் வைத்தோம். ஒட்டகச்சிவிங்கியும் அப்படித்தான். அதன் கழுத்தும் உயரமும் ஒட்டகத்தை நினைவூட்டும். உடம்பில் உள்ள புள்ளிகள் சிவிங்கியை நினைவூட்டும். உண்மையில் அது ஒட்டகமும் இல்லை, சிவிங்கியும் இல்லை.

கொள்ளுத்தாத்தாவின் புத்தகம்

ஜஹாங்கீருக்கு ஏன் இந்த ஆசை? விலங்கு வந்தால் பார்க்கலாம், ரசிக்கலாம். எழுதி, வரைந்து வைக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது? அதற்கு அவருடைய குடும்பத்தில் ஒரு காரணம் இருந்தது.

ஜஹாங்கீரின் தந்தை அக்பர். அக்பரின் தந்தை ஹுமாயூன். ஹுமாயூனின் தந்தை பாபர். அதாவது பாபர் ஜஹாங்கீருக்குக் கொள்ளுத்தாத்தா. பாபர் 1530-இல் இறந்தார். ஜஹாங்கீர் பிறந்தது 1569-இல். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் கொள்ளுத்தாத்தா எழுதிய புத்தகம் வீட்டில் இருந்தது.

பாபர் 1483-இல் பர்கானா என்ற பள்ளத்தாக்கில் பிறந்தார். அது இன்று பெரும்பகுதி உஸ்பெகிஸ்தான் நாட்டில் இருக்கிறது. சிறு வயதிலேயே அரசரானார். நாட்டை இழந்தார். ஊர் ஊராக அலைந்தார். 1504-இல் காபூலைப் பிடித்தார். 1526-இல் பானிபட் போரில் வென்று இந்தியாவுக்குள் வந்தார். போன இடம், பார்த்த ஆள், தின்ற பழம் எல்லாவற்றையும் தன் தாய்மொழியான துருக்கியில் எழுதினார்.

இந்தியாவுக்கு வந்ததும் இங்கே உள்ள பிராணிகளைப் பற்றித் தனியாக எழுதினார். யானை, காண்டாமிருகம், மயில், குரங்கு, முதலை என்று ஒவ்வொன்றாக விவரித்தார். நம் வீட்டு மரத்தில் ஓடும் அணிலைக்கூட விடவில்லை. மரத்தில் ஓயாமல் ஏறி இறங்கும் எலி என்று அதைப் பற்றி வியந்து எழுதினார். நாம் தினமும் பார்க்கும் அணில் அவருக்கு அதிசயம்!

பாபருக்கு இன்னொரு நல்ல குணமும் இருந்தது. கேட்டதை எல்லாம் நம்பமாட்டார். காண்டாமிருகம் தன் கொம்பால் யானையையே தூக்கிவிடும் என்று அவர் பிறந்த நாட்டுப் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். பாபர் இங்கே வந்து காண்டாமிருகத்தைப் பார்த்தார். அந்தப் பேச்சு தவறாக இருக்க வேண்டும் என்று எழுதினார். ஒரு கிளியைப் பற்றியும் ஒரு கதை எழுதியிருக்கிறார். கூண்டைத் துணியால் மூடியபோது, மூச்சு முட்டுகிறது, துணியை எடு என்று அந்தக் கிளி சொன்னதாம். சொன்னவர் பாபரின் வேலையாள். பாபர் கதையை எழுதிவிட்டு, காதால் கேட்டாலொழிய நம்ப முடியாது என்றும் சேர்த்து எழுதிவிட்டார்.

அந்தப் புத்தகம் துருக்கி மொழியில் இருந்தது. அரண்மனையில் படித்தவர்களின் மொழி பாரசீகம். அதனால் 1589-இல் அக்பர் அதைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்க வைத்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அக்பருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை மகன் ஜஹாங்கீரே எழுதியிருக்கிறார். ஆனால் அக்பரிடம் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இருந்தன. தினமும் யாராவது படிக்க, அவர் உட்கார்ந்து கேட்பார். எதிரே இருப்பவர் பேசினால் அக்பருக்குப் படிக்கத் தெரியாது என்று கண்டுபிடிக்க முடியாதாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கடிதம் படிக்கச் சொல்லிக் கேட்ட நாட்கள் நமக்கும் நினைவிருக்கும். அக்பரும் அப்படிக் கேட்டவர்தான்.

மொழிபெயர்த்த புத்தகத்துக்கு அக்பர் படங்களும் வரைய வைத்தார். அதில் வேலை செய்த ஓவியர்களில் ஒருவர் இளைஞர் மன்சூர். பாபர் பார்த்த பறவைகளையும் விலங்குகளையும் அவர் வரைந்தார். பாபரின் புத்தகத்துக்கு அந்தக் காலத்தில் பல படப் பிரதிகள் தயாராயின. ஒரு பிரதி இன்றும் புது டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1612-இல் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவுக்குப் போனார். கோவா அப்போது போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து அங்கே கப்பல்கள் வரும். அங்கே அவர் சில விநோதப் பிராணிகளை வாங்கி வந்தார். அவற்றில் ஒன்று வான்கோழி. இந்தியாவில் அதற்கு முன் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அப்போதுதான் ஜஹாங்கீர் தன் கொள்ளுத்தாத்தாவை நினைத்தார். பாபர் பிராணிகளைப் பற்றி எழுதினார், ஆனால் ஓவியரைக் கொண்டு வரைய வைக்கவில்லை. நான் எழுதவும் செய்வேன், வரையவும் வைப்பேன். கேட்பவர்கள் கண்ணாலும் பார்த்து வியக்கட்டும். இதுதான் ஜஹாங்கீர் எழுதியதன் சாரம்.

ஆக, 1621-இல் வரிக்குதிரை வந்து நின்றபோது, அரசரும் தயார். ஓவியரும் தயார்.

மன்சூரின் கை

மன்சூரை எல்லோரும் உஸ்தாத் மன்சூர் என்று அழைத்தார்கள். உஸ்தாத் என்றால் ஆசான். ஜஹாங்கீர் அவருக்கு ‘நாதிர்-உல்-அஸ்ர்’ என்று பட்டம் கொடுத்தார். இந்தக் காலத்தின் அதிசயம் என்று அதற்குப் பொருள். 1620-இல் அரசர் காஷ்மீர் போனபோது மன்சூரும் கூடப் போனார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்தார். அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில.

அந்தக் காலத்தில் எப்படி வரைந்தார்கள்? முதலில் காகிதத்தை வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். பிறகு மெல்லிய கோட்டால் உருவம் போடுவார்கள். அதன் மேல் வெள்ளையை நீர்க்கப் பூசுவார்கள். கோடு அடியில் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து மறுபடி திருத்தமாக வரைவார்கள். பிறகு வண்ணம். ஒரு பூச்சு, காய விடுவது, இன்னொரு பூச்சு. நடுநடுவே காகிதத்தைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் கல்லால் தேய்ப்பார்கள். வண்ணம் காகிதத்தோடு ஒட்டிப் பளபளக்கும்.

கறுப்பு வண்ணம் எதில் செய்வார்கள் தெரியுமா? விளக்குப் புகையில். நம் வீடுகளில் கண்மைக்குப் புகை பிடிப்பார்களே, ஏறத்தாழ அதே முறைதான். நீல வண்ணம் ஒரு கல்லிலிருந்து வரும். அந்தக் கல் ஆப்கானிஸ்தான் மலையில் கிடைக்கும். வண்ணப் பொடியைப் பிசினில் குழைப்பார்கள். தூரிகை அணில் வால் முடியில் செய்தது. ஆமாம், பாபர் வியந்தாரே, அதே அணில்தான். மிக மெல்லிய கோடு இழுப்பதற்குச் சில முடிகளே போதும்.

இப்போது வரிக்குதிரைப் படத்தைப் பார்ப்போம். அது பெரிய படம் அல்ல. ஏறத்தாழ ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தின் அளவுதான். நடுவில் வரிக்குதிரை பக்கவாட்டில் நிற்கிறது. தலையில் வார் மாட்டியிருக்கிறது. மரம், மலை, அரசர், சேவகர் என்று கவனத்தைப் பிரிக்கும் எதுவும் பக்கத்தில் இல்லை. பார்க்கிறவர் கண் கோடுகளைத் தவிர வேறு எங்கும் போகக்கூடாது என்று மன்சூர் நினைத்தது போல இருக்கிறது.

கோடுகளைப் பாருங்கள். கழுத்தில் அவை அகலமாக நேராக இறங்குகின்றன. முகத்தில் நெருக்கமாகி மெலிகின்றன. பின்தொடையில் சாய்ந்து வளைகின்றன. காலில் வளையல் அடுக்கியது போல வருகின்றன. பிடரி மயிரிலும் கோடு தொடர்கிறது. ஏதோ கோடு போட்டால் வரிக்குதிரை ஆகிவிடும் என்று மன்சூர் நினைக்கவில்லை. இந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே பிரிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்.

அப்படிப் பார்த்தது எவ்வளவு சரி என்பது நமக்கு இப்போதுதான் புரிகிறது. எந்த இரண்டு வரிக்குதிரைக்கும் கோடு ஒரே மாதிரி இருக்காது. நம் கட்டைவிரல் ரேகை மாதிரி. படிக்கத் தெரியாத காலத்தில் நாம் கைநாட்டு வைத்தோமே, அந்த ரேகை ஆளுக்கு ஆள் மாறும் அல்லவா? இன்று ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் வரிக்குதிரையைப் புகைப்படம் எடுத்து, கோட்டை வைத்தே இது எது என்று அடையாளம் சொல்கிறார்கள். மன்சூர் வரைந்தது பொதுவாக ஏதோ ஒரு வரிக்குதிரையை அல்ல. 1621-இல் அங்கே நின்ற அந்த ஒன்றைத்தான்.

கோடு எதற்கு?

ஜஹாங்கீர் கேட்காத ஒரு கேள்வி உண்டு. வரிக்குதிரைக்குக் கோடு எதற்கு?

சிங்கத்தின் கண்ணை ஏமாற்ற என்று வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது பல ஆராய்ச்சியாளர்கள் சொல்வது வேறு. கோடு ஈயை விரட்டுகிறது! ஆப்பிரிக்காவில் கடிக்கும் ஈக்கள் பலவகை. அவை இரத்தத்தை உறிஞ்சும். நோயையும் பரப்பும். கோடு போட்ட உடம்பில் ஈயால் சரியாக இறங்கி உட்கார முடிவதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2019-இல் இதுபற்றி இரண்டு ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஒன்றில், சாதாரணக் குதிரைகளுக்கு வரிக்குதிரைக் கோடு போட்ட துணியைப் போர்த்தினார்கள். துணி மூடிய இடத்தில் ஈ உட்காருவது குறைந்தது. இன்னொன்று ஜப்பானில் நடந்தது. கறுப்பு மாடுகளுக்கு வெள்ளைக் கோடு தீட்டினார்கள். கடிக்கும் ஈக்கள் பாதியாகக் குறைந்தன.

மாடு வளர்ப்பவர்கள் இதைப் படித்து உடனே சுண்ணாம்பை எடுத்துவிட வேண்டாம். அவர்கள் தீட்டியது தோலுக்கு ஆகும் வண்ணம். சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும்.

பரிசுக்கு மேல் பரிசு

அந்த வரிக்குதிரை என்ன ஆயிற்று? ஜஹாங்கீர் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஈரான் நாட்டு அரசர் ஷா அப்பாஸுக்குப் பரிசாக அனுப்பத் தீர்மானித்தார். இருவரும் அடிக்கடி அரிய பொருட்களைப் பரிமாறிக்கொள்வார்கள். கடிதத்தில் சகோதரர் என்று அழைத்துக்கொள்வார்கள். மறு ஆண்டே, 1622-இல், அந்தச் சகோதரர் படையோடு வந்து ஜஹாங்கீரின் காந்தகார் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்! வரிக்குதிரை போனதும் போயிற்று, கோட்டை போனதும் போயிற்று.

படம் மட்டும் இங்கே தங்கியது. ஜஹாங்கீர் அதன் மேல் தன் கையாலேயே எழுதினார். எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, யார் வரைந்தது, எந்த ஆண்டு என்று எல்லாமே அதில் இருக்கிறது. இந்தச் சில வரிகள் இல்லாவிட்டால் நமக்கு இந்தக் கதையே தெரிந்திருக்காது. பழைய கல்யாணப் புகைப்படத்தின் பின்னால் தேதியும் பெயரும் எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு இது யார் என்று நாம் தவிக்கிறோம் அல்லவா?

ஜஹாங்கீருக்குப் பின் படம் ஷாஜகானிடம் போனது. பூ வேலை செய்த அகலமான கரை ஒட்டி, வேறு படங்களோடு சேர்த்து ஒரு தொகுப்பாகக் கட்டினார்கள். பிற்காலத்தில் அந்தத் தொகுப்பு ஆங்கிலேயப் பிரபு மிண்டோவின் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. 1925-இல் அவர்கள் அதை விற்றார்கள். வரிக்குதிரைப் படம் இப்போது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அபிசீனியாவில் பிறந்த பிராணி, இந்தியாவில் வரைந்த படம், அது இருப்பது இங்கிலாந்தில். நம் ஊரில் இருந்தால் நாமும் போய்ப் பார்க்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

பொய்ப் படமும் உண்டு

இவ்வளவு சொன்னதும் ஜஹாங்கீர் பெரிய ஜீவகாருண்யர் என்று நினைத்துவிடக்கூடாது. அவர் பெரிய வேட்டைக்காரர். 12 வயது முதல் 50 வயது வரை தன் முன்னால் வேட்டையாடிய பிராணிகள் 28,532 என்று கணக்கு எழுதியிருக்கிறார். அதில் 17,167 தன் கையாலேயே கொன்றவை. ஒன்றைப் பார்த்து வியந்து வரைய வைத்த அதே மனிதர்தான் இதையும் செய்தார்.

அவர் சபையில் வரைந்த படமெல்லாம் உண்மை என்றும் நினைக்கக்கூடாது. வரிக்குதிரை வந்த அதே அபிசீனியாவிலிருந்து மனிதர்களும் வந்தார்கள். பலர் தாமாக வரவில்லை. அடிமைகளாகப் பிடித்து விற்கப்பட்டு வந்தார்கள். இங்கே அவர்களை ஹப்ஷி என்றும் சித்தி என்றும் அழைத்தார்கள். அவர்கள் வழிவந்த மக்கள் இன்றும் குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழ்கிறார்கள்.

அப்படிச் சிறுவயதில் விற்கப்பட்டு வந்தவர்களில் ஒருவர் மாலிக் அம்பர். கைமாறிக் கைமாறித் தக்காணத்துக்கு வந்தார். தன் திறமையால் அகமது நகர் அரசின் தலைமை அமைச்சரானார். பிற்காலத்தில் ஔரங்காபாத் என்று பெயர் பெற்ற நகரத்தை நிறுவியவர் அவர்தான். அந்த ஊருக்குக் குடிநீர் கொண்டுவரக் கால்வாய்களும் அமைத்தார். ஜஹாங்கீரின் படை எத்தனையோ முறை வந்தும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

போரில் முடியாததை ஜஹாங்கீர் படத்தில் செய்துகொண்டார். மாலிக் அம்பரின் தலை ஈட்டியில் செருகி நிற்கிறது. ஜஹாங்கீர் அதன் மேல் அம்பு விடுகிறார். அபுல் ஹசன் என்ற பெரிய ஓவியர் 1616 வாக்கில் இப்படி ஒரு படம் வரைந்தார். அழகான வேலைப்பாடு. ஆனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. மாலிக் அம்பர் அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். 1626-இல் முதுமையில்தான் இறந்தார்.

ஒரே அரண்மனை. விலங்கை வரையும்போது சாயமா என்று தேய்த்துத் தேய்த்து உண்மையைப் பார்த்தார்கள். எதிரியை வரையும்போது ஆசையை வரைந்தார்கள். படத்தைப் பார்க்கும்போது யார் வரைய வைத்தார், எதற்காக என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

திரும்பி வராத பறவை

மன்சூர் வரைந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு படம் ரஷ்யாவில் இருக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஹெர்மிடாஜ் என்ற பெரிய அருங்காட்சியகம் உண்டு. அங்கே இருக்கும் அந்தப் படத்தில் கையெழுத்து இல்லை. வேலையைப் பார்த்து, இது மன்சூரின் கையாக இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதில் சில பறவைகள் இருக்கின்றன. வாத்து இருக்கிறது. சிறு கிளி இருக்கிறது. நடுவில் ஒரு குண்டான பறவை நிற்கிறது. வளைந்த பெரிய அலகு. பறக்க உதவாத குட்டைச் சிறகு. அதுதான் டோடோ.

டோடோ ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கடலில் இருக்கும் மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த பறவை. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்தத் தீவில் வெகு காலம் மனிதர் குடியிருக்கவில்லை. அதனால் அந்தப் பறவைக்கு மனிதரைக் கண்டு பயப்படத் தெரியாது. 1598-இல் டச்சுக்காரர்கள் அங்கே இறங்கினார்கள். காட்டை வெட்டினார்கள். பறவையைப் பிடித்துத் தின்றார்கள். கப்பலோடு பன்றியும் எலியும் குரங்கும் போய்ச் சேர்ந்தன. அவை முட்டையைத் தின்றன. நூறு ஆண்டு முடிவதற்குள் கடைசி டோடோவும் செத்துப்போயிற்று.

அதில் ஒன்றிரண்டு எப்படியோ இந்தியாவுக்கு வந்தன. பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேய வணிகர் 1628 முதல் 1634 வரை இந்தியாவில் இருந்தார். சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

டோடோவை உயிரோடு பார்த்து வரைந்த வண்ணப் படங்கள் உலகத்தில் மிகக் குறைவு. ஐரோப்பாவில் வரைந்தவற்றில் பல, ஒருவர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் வரைந்தவை. அதனால் டோடோ எப்படி நிற்கும், என்ன நிறம் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் அறிய வேண்டுமானால், இந்தியாவில் வரைந்த இந்தப் படத்தைத்தான் தேடிப்போகிறார்கள். பக்கத்தில் இருக்கும் வாத்தும் கிளியும் இன்றும் உயிரோடு இருக்கும் பறவைகள். அவற்றை அந்த ஓவியர் அச்சு அசலாக வரைந்திருக்கிறார். ஆகவே டோடோவையும் அப்படியே வரைந்திருப்பார் என்று நம்புகிறார்கள்.

மன்சூரின் ஒரு படத்தை நாம் நம் நாட்டிலேயே பார்க்கலாம். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் அவர் வரைந்த சைபீரியக் கொக்கு இருக்கிறது. வெள்ளை உடம்பு, சிவந்த முகம், நீண்ட கால். விஞ்ஞானிகள் அந்தப் பறவையைப் பற்றி எழுதிப் பெயர் வைத்தது 1773-இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மன்சூர் அதை வரைந்துவிட்டார்.

அந்தக் கொக்கு ரஷ்யாவின் குளிர் தாங்காமல் ஒவ்வொரு ஆண்டும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து ராஜஸ்தானுக்கு வரும். பரத்பூர் ஏரியில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும். வரவர எண்ணிக்கை குறைந்தது. 2001-2002 பனிக்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதன் பிறகு பரத்பூருக்கு அந்தக் கொக்கு வரவில்லை.